வெறுங்கையால் எறிந்த பந்து

"இன்னைக்கு நான் எறிய மாட்டேன் வாத்தியாரே. வேற ஆளைப் பாரு."

ஹிராம் தொப்பியைக் கழற்றி மண்ணில் வீசினான். கூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் வெள்ளையர் பேஸ்பால் அணிகளில் கறுப்பருக்கு இடமில்லாத காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. அதுவரை கறுப்பர்கள் தங்களுக்கென்று அணி கட்டி, ஓட்டை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். அப்படி ஓர் அணியில் பந்து எறிபவன் ஹிராம். அதைப் பிடிப்பவன் ஓட்டிஸ். வயதில் இளையவன்தான். ஆனால் அணியே அவனை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது.

"என்னாச்சு அண்ணே?"

"வெள்ளைக்கார அணிக்கு ஆள் எடுக்க ஒருத்தன் வந்தானே, நம்ம பொடியன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போறான். என்னைப் பார்த்து என்ன கேட்டான் தெரியுமா? 'நல்லாத்தான் எறியறே, வயசாயிடுச்சே. இத்தனை வருஷம் எங்கே இருந்தே?'ங்கறான். எங்கே இருந்தேனாம்!"

"என்ன சொன்னீங்க?"

"வாயில குத்தியிருப்பேன். அப்புறம் நம்ம பஸ் இந்த ஊரைத் தாண்டாதேன்னு விட்டேன்."

ஓட்டிஸ் கையுறையை எடுத்து மாட்டினான்.

"ஒரு பத்திரிகைக்காரனும் என் ஆட்டத்தை எழுதலை. ஒருத்தனும் குறிச்சு வைக்கலை. நான் எறிஞ்சதெல்லாம் எங்கேய்யா போச்சு? அதைச் சொல்லு, எறியறேன்."

ஓட்டிஸ் பந்து படாமல் காக்கும் கம்பி முகமூடியை மாட்டினான். தரையில் பதித்த, பந்து மேலே தாண்டிப் போக வேண்டிய வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் போய்க் குந்தினான். கையுறையை விரித்தான்.

"எறிங்க."

"பந்து எங்கே?"

"எறிங்கண்ணே."

அவர்களுக்குப் பழகிய வேடிக்கைதான் அது. ஆட்டத்துக்கு முன்னால் பந்தே இல்லாமல் எறிவார்கள், அடிப்பார்கள், பாய்ந்து பிடிப்பார்கள். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஹிராம் உடம்பைச் சுழற்றி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து வெறுங்கையை வீசினான்.

யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டிஸின் கையுறை தட்டைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போய் மூடியது.

"தப்பு. வெளியே போயிடுச்சு."

"வெளியேவா? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? விளிம்புல போட்டேன்யா! சரியா விளிம்புல!"

"யார் பார்த்தா?"

"எவன் பார்த்தா எனக்கென்ன? எறிஞ்சவன் நான்டா! எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு ஹிராம் அப்படியே நின்றான்.

ஓட்டிஸ் மூடிய கையுறையை மெல்ல நகர்த்தி, தட்டின் விளிம்பில் கொண்டுவந்து வைத்தான்.

ஹிராம் குனிந்து தொப்பியை எடுத்தான். மண்ணை உதறினான்.

"பந்தைக் கொடு."