ஆறு மணிக்கு முடியும் பாட்டு

"எமிமாவைக் குழுவுல இருந்து எடுத்துரலாம்னு இருக்கேன், டீச்சர்" என்றாள் பியூலா.

ஹெப்சிபா டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சர்ச் பாடகர் குழுவை ஓகோவென்று நடத்தியவர், திடீரென்று விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் பாடுனா கேக்க ஆள் வேண்டாமா?" என்பார்.

இப்போது குழுவை நடத்தும் பியூலா அவரிடம் பாட்டுப் படித்தவள். ஆனால் வயதில் குருவைவிட இரண்டு கூடுதல். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார், சிஷ்யை குருவை டீச்சர் என்பாள். இருவருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

"எதுக்கு எடுக்கணும், அக்கா?"

"சுருதியை இழுத்துக் கீழ கொண்டுபோயிருதா. ஞாயித்துக்கிழமை ஊரு முன்னால என் மானம் போயிரும்."

போகக்கூடியதுதான். பியூலா ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தாள். பன்னிரண்டு பெண் பிள்ளைகள், நான்கு குரல்கள். பக்கவாத்தியம் ஒன்றும் கிடையாது, ஆர்மோனியம்கூட இல்லை. ஆறு நிமிடம் வெறும் குரலில் பாடிக் கடைசிச் சுரத்தில் நிற்கும்போது, சர்ச் கோபுரத்து மணி ஆறு அடிக்கும். மணியின் சுருதியில் பிள்ளைகள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படி ஒன்றை அந்த ஊர் கேட்டதே இல்லை. எழுதி முடித்த அன்று பியூலாவுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒத்திகையிலோ தினமும் அரை சுருதி இறங்கியது. மணியும் பாட்டும் கீரியும் பாம்புமாக நின்றன.

"எமிமா வராத அன்னைக்கு?" என்றார் டீச்சர்.

"ரெண்டு நாள் காய்ச்சல்னு வரலை. அன்னைக்கும் இறங்கிச்சு."

"அது எப்படி?"

"அவகூட நின்னு நின்னு மத்தவளுகளுக்கும் தொத்திக்கிட்டு, டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"அவகிட்ட சொல்லியாச்சா?"

"இன்னைக்குத்தான் கடைசின்னு சொல்லிட்டேன். அழுதா. எனக்கும் மனசு கேக்கல. என்ன செய்ய?"

"சாயங்காலம் நானும் வாரேன்" என்றார் டீச்சர்.

வந்தார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது.

பிள்ளைகள் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். ஓரத்தில் எமிமா, கண் சிவந்துபோய். மணி ஆறடிக்க ஏழு நிமிடம் இருந்தது.

"இதை வாய் நிறைய வச்சுக்கிடுங்க, அக்கா. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. மணி ஓயுத வரைக்கும்."

"இது என்ன டீச்சர் விளையாட்டு?"

"நேரமாச்சு."

பியூலா சுருதிக் குழலை ஊதிக் காட்டினாள். தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு கையை உயர்த்தினாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பின்னால் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, பாட்டு தொடங்கியதில் அடங்கிப்போயிற்று.

இரண்டாம் அடி. கீழ்க்குரல் பிள்ளைகள் நுழைகிற இடம். பியூலா வழக்கம்போல் அவர்களோடு சேர்ந்து பாட வாயெடுத்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்தது.

வழக்கமா? உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

மூன்றாம் அடியில் மறுபடியும் வாய் திறக்கப் பார்த்தது. நான்காம் அடியிலும். முந்தானை நனைந்தது.

பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் தடுமாறினார்கள். பிறகு பக்கத்தில் நிற்பவளைக் கேட்கத் தொடங்கினார்கள். ஓரத்தில் நின்றவளின் பக்கம் நாலைந்து தலைகள் லேசாகச் சாய்ந்தன. எமிமா ஆடாமல் அசையாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு இறங்கவில்லை.

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த பாட்டை அன்றுதான் பியூலா முதல்முறையாகக் கேட்டாள். நான் எழுதினதா இது என்று இருந்தது. கடைசிச் சுரத்துக்கு வந்துவிட்டார்கள். நிறுத்திப் பிடித்தார்கள்.

மணி அடித்தது.

எது மணி, எது பிள்ளைகள் என்று பிரிக்க முடியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று.

ஆறாவது மணி ஓயும்வரை யாரும் அசையவில்லை. ஓய்ந்ததும் ஓவென்று கத்தினார்கள், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள், எமிமாவின் சடை அவிழ்ந்துபோனது.

டீச்சர் பியூலாவின் அருகில் வந்தார்.

"சரி, அக்கா. சுருதியை இழுத்தது யாருன்னு சொல்லுங்க. எடுத்துரலாம்."

பியூலா தண்ணீரை விழுங்கினாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னொரு டம்ளர் வேணும், டீச்சர்."