முக்காணியேந்தல்காரர்கள் வானத்திலிருந்து படம் இறக்கிய கதை

இது நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. நிஜமாகவே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் முக்காணியேந்தலுக்கே போய் விசாரிக்கலாம். அங்கே யாரைக் கேட்டாலும் நடந்தது என்றுதான் சொல்வார்கள். அதிலும் பெருமையாகச் சொல்வார்கள்.

முக்காணியேந்தல்காரர்கள் நல்லவர்கள். சொன்னால் சொன்னபடி செய்வார்கள். கண்டக்டர் "படியில் நிக்காதே" என்றால் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். திருப்பிக் கேள்வி கேட்பது மட்டும் அவர்களுக்கு மரியாதைக் குறைவு.

ஊருக்கு மேற்கே ஒரு பெரிய கண்மாய். ஐப்பசி மழை விழுந்ததும் செங்கால் நாரையும் கூழைக்கடாவும் எங்கிருந்தோ வந்து, தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டும். குஞ்சுகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு ஓர் ஓலைவெடிகூட வெடிக்க மாட்டார்கள். அந்தக் கண்மாய்மேல் செங்கல் சூளைக்காரர் கோட்டைச்சாமி கண் வைத்தார். பத்து வருஷமாக அதில் தண்ணீரே நிற்கவில்லை, சும்மா கிடக்கிற பொட்டல், மண்ணெடுக்க விடவேண்டும் என்று மனுப்போட்டுவிட்டார். விசாரிக்க ஒரு குழுவும் போட்டாகிவிட்டது.

கண்மாய்ப் பாதுகாப்புச் சங்கம் பதறிப்போனது. சங்கம் என்றால் மூன்று பேர். தலைவர் இருளாண்டி. அவருடைய அண்ணன் மனைவி பஞ்சவர்ணம், துணைத்தலைவி. நோட்டும் பேனாவும் வைத்திருந்ததால் வில்லாயுதம் செயலாளர். மூவரும் டவுனுக்குப் போய், நீர்நிலைகளுக்கு வரைபடம் போடுகிற அதிகாரி ஜெபமேரியைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா நிதானமாகத்தான் விளக்கினார். பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோள் அஞ்சு நாளுக்கு ஒருமுறை உங்கள் ஊருக்கு மேலே வருகிறது, வரும்போதெல்லாம் படம் எடுக்கிறது. பழைய படங்களும் இருக்கின்றன, எல்லாமே இலவசம். முதலில் பதிவு பண்ணிக்கொள்ள வேண்டும். மேகம் இல்லாத படமாக எடுக்க வேண்டும். படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள், உங்கள் கண்மாய் ரெண்டு டைல்ஸில் வருகிறது, அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிற ஒளிக்கும் ஒரு பேண்டாகத் தனித்தனியே இருக்கும், மூன்று பேண்டைச் சேர்த்தால்தான் தண்ணீர் தனியாக, மரம் தனியாகத் தெரியும்: பச்சை, சிவப்பு, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேண்டு. கடைசியில் படத்தை இறக்கி, தேதிவாரியாக அடுக்கிக் குழுவிடம் காட்டினால் கோட்டைச்சாமி வாயைத் திறக்க முடியாது.

வில்லாயுதம் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். புரிந்ததா என்று ஜெபமேரி கேட்டார். மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

முதல் வேலை பதிவு. பதிவு என்றால் பத்திரப் பதிவு அலுவலகம்தானே. அதன் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தரிடம் போய் நின்றார்கள். சொத்து எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். இருளாண்டி விரலால் மேலே காட்டினார். எழுத்தர் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்.

"அதுக்கும் மேல," என்றார் இருளாண்டி.

எழுத்தர் முப்பது வருஷ அனுபவஸ்தர். முகத்தை மாற்றாமல், "நாலெல்லை சொல்லுங்க," என்றார்.

"கிழக்கே வானம். மேற்கே வானம். வடக்கேயும் வானம்."

"தெக்கே?"

இருளாண்டி அண்ணாந்து பார்த்துவிட்டு மதினியைப் பார்த்தார். பஞ்சவர்ணம் பொய் சொல்லாதவர். "தெக்க கொஞ்சம் மேகம் இருக்கு," என்றார்.

எழுத்தர் பேனாவை மூடினார். சொத்துக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பதிய முடியும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பதிவுக்கு வந்துபோனதே பாதிப் பதிவு என்று பேசி முடிவு செய்து, வில்லாயுதம் நோட்டில் அந்த வரியை அடித்தார்.

அடுத்தது டைல்ஸ் கடை. எங்கள் கண்மாய் உங்கள் டைல்ஸில் வந்திருக்கிறதாம், எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். கடைக்காரர் வியாபாரி. இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். குளியலறைக்குப் பதிக்கிற நீல டைல்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் அலை அலையாகத் தண்ணீர். இன்னொன்றில் ஒரு வெள்ளைப் பறவை.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"நம்ம கண்மாயேதான்," என்றார் பஞ்சவர்ணம். "மடைப்பக்கம் நின்னு பாத்தா இப்படித்தான் இருக்கும்."

"கழுத்து வளைஞ்சிருக்கே அக்கா. நம்ம நாரைக்குக் கழுத்து நேரால்ல இருக்கும்," என்றார் வில்லாயுதம்.

"போட்டோவுக்குன்னா யாருதான் நேரா நிப்பா?"

அது சரிதான் என்று இரண்டையும் வாங்கிவந்து, சிமெண்டு குழைத்து ஒரு பலகையில் ஒட்டிக் காயவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜெபமேரி போன் பண்ணி, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார்.

"டைல்ஸ் ரெண்டையும் ஒட்டியாச்சு மேடம். பேண்டு மூணும் சேத்துருவோம். மேகத்துக்குத்தான் வழி பாத்துக்கிட்டு இருக்கோம்," என்றார் வில்லாயுதம்.

ஜெபமேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்த பிள்ளைகளே இந்த வேலையில் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள், நீங்கள் முதல் தடவையே இப்படிச் செய்கிறீர்களே என்று பாராட்டினார். வியாழக்கிழமை காலையில் விசாரணைக் குழுவே கண்மாயைப் பார்க்க வருகிறது, படத்தை அங்கேயே காட்டிவிடலாம் என்றார். செயற்கைக்கோளும் அன்றைக்குப் பத்தரை மணிக்கு ஊருக்கு மேலே வருகிறது என்று போகிற போக்கில் சொல்லிவைத்தார்.

பேண்டு விஷயத்தில் சங்கத்துக்குள் பெரிய விவாதம் நடந்தது. சிவப்புச் சட்டை போட்ட பேண்டு செட் ஒன்று டவுனில் இருந்தது. பச்சைச் சட்டைக்காரர்கள் பக்கத்து ஊரிலேயே இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பேண்டுக்கு எங்கே போவது? மூன்று நாள் யோசித்தும் பிடிபடவில்லை. நாலாம் நாள் பஞ்சவர்ணம்தான் வழி சொன்னார்: எந்தச் சட்டை போட்ட செட்டாக இருந்தாலும், கரைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

சத்தத்தில் பறவை மிரளாதா என்று வில்லாயுதம் இழுத்தார். இருளாண்டி தீர்ப்புச் சொன்னார்: "வெடிதான் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு. கொட்டு கூடாதுன்னு எவன் சொன்னான்?"

புதன்கிழமை வானம் கறுத்துக்கொண்டு நின்றது. நாளைக்குப் படத்தில் மேகம் விழுந்துவிடுமே என்று ஊரே கவலைப்பட்டது. பஞ்சவர்ணத்துக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. கோடை மழை வேண்டும் என்று மூன்று வருஷமாக ஊரில் மழைக்கஞ்சி காய்ச்சினார்கள். மூன்று வருஷமும் காய்ச்சின மறுநாள் வானம் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் அம்மன் கோயில் வாசலில் பெரிய அண்டாவை ஏற்றி, மழை வேண்டும் தாயே என்று மனமுருக வேண்டி, ஊருக்கே கஞ்சி ஊற்றினார்கள். வியாழக்கிழமை விடிந்தபோது ஒரு பஞ்சுத் துண்டு மேகம்கூட இல்லை.

ஒன்பது மணிக்கே ஊர் கரையில் கூடிவிட்டது. மேலேயிருந்து படத்தை இறக்கும்போது அடிபட்டுவிடக் கூடாது என்று வைக்கோலைப் பரப்பி, அதற்குமேல் தார்ப்பாயை விரித்து, நாலு மூலைக்கும் நாலு பலசாலிகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்து மணிக்கு மூன்று பேண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஒவ்வொரு செட்டும் ஒவ்வொரு பாட்டை வாசித்தது. புதருக்குள் இருந்தவர்கள், முகம் தெரியாததால் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ரெண்டு பங்கு ஊதினார்கள். அடுத்த நிமிஷம் கண்மாயே எழுந்து பறப்பதுபோல் இருந்தது. நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மூச்சில் மேலே கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிழக்கே போய்விட்டன.

வாத்தியங்கள் நின்றன. கூட்டுக்குள் குஞ்சுகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. இருளாண்டி பிறந்ததிலிருந்து அந்தப் பறவைகளைப் பார்க்கிறவர். ஆயிரம் பறவை வருகிற கண்மாயில் ஒன்றுகூட இல்லாமல் படம் விழப்போகிறது. கோட்டைச்சாமி சொன்னது சரி என்று ஆகப்போகிறது. நேரம் பத்தேகால்.

"கொழுந்தனாரே," என்றார் பஞ்சவர்ணம், "அதுக திரும்பி வர்ற வரைக்கும் அதுக எடத்துல நாம நின்னுட்டா என்ன?"

வேறு யோசனை யாரிடமும் இல்லை. வெள்ளை வேட்டிக்காரர்கள் முன்னால் இறங்கினார்கள். பெண்கள் வெள்ளைத் துண்டை முக்காடு போட்டுக்கொண்டார்கள். நாரை ஒற்றைக்காலில்தான் நிற்கும் என்று வில்லாயுதம் நினைவுபடுத்தினார். எந்தக் கால் என்று ஒருவர் கேட்டார். அது பறவையின் இஷ்டம் என்று இருளாண்டி விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஜீப் வந்தது. மூன்று அதிகாரிகளும் ஜெபமேரியும் இறங்கினார்கள். பின்னால் காரில் கோட்டைச்சாமி. கண்மாய்க்குள் ஊர் மொத்தமும் வெள்ளை உடுத்தி, ஒற்றைக்காலில், பேச்சு மூச்சில்லாமல் நின்றது. ஜெபமேரி மெதுவாகப் படங்கள் எங்கே என்று கேட்டார். கரையில் காவலுக்கு நின்றவர் டைல்ஸ் பலகையைத் தூக்கி வந்து அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைப் பார்த்தார். பேண்டு செட்டைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். போனில் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்தது.

கோட்டைச்சாமி இதுதான் சமயம் என்று அதிகாரிகள் பக்கம் திரும்பினார். எல்லாம் நாடகம், இவர்கள் முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு ஆழம் இருக்கிற மாதிரி காட்டுகிறார்கள், உள்ளங்கால் நனையத் தண்ணீர் கிடையாது என்றார். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று செருப்புக்காலோடு விறுவிறுவென்று இறங்கினார். நாலாவது எட்டில் இடுப்புவரை போனார். ஐந்தாவது எட்டு வைக்கச் சேறு விடவில்லை.

படம் பிடிக்க வைத்திருந்த தார்ப்பாயை வீசி, அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நாலு பலசாலிகளும் அவரை இழுத்துக் கரையில் போட்டார்கள். குழுவில் மூத்த அதிகாரி, நீர்மட்டம் மனுதாரரின் இடுப்பளவு என்று எழுதிக்கொண்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஜெபமேரி தானே பத்து வருஷப் படங்களையும் எடுத்துத் தேதிவாரியாகத் தன் லேப்டாப்பில் வைத்திருந்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொரு மார்கழியிலும் கண்மாய் நீலமாக நிறைந்து கிடந்தது. மனு அங்கேயே தள்ளுபடி. கிளம்பும்போது மூத்த அதிகாரி, இங்கே மொத்தம் எத்தனை பறவை வரும் என்று கேட்டார்.

"இன்னைக்கு நூத்தி எழுபத்திரண்டு சார்," என்றார் வில்லாயுதம், காலை மாற்றாமல். "ரெண்டு பேரு காதுகுத்துக்குப் போயிருக்காங்க."

மத்தியானத்துக்குமேல் நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தங்கள் இடத்தில் ஆள் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, பிறகு கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளுக்கு மீனைக் கக்கிக் கொடுத்தன. அதன் பிறகுதான் ஊர் கரையேறியது. இருளாண்டி வேட்டியைப் பிழிந்துகொண்டே கொஞ்ச நேரம் அழுதார்.

பத்து நாள் கழித்து ஜெபமேரியிடமிருந்து தபாலில் ஓர் உறை வந்தது. அந்த வியாழக்கிழமை பத்தரை மணிக்குச் செயற்கைக்கோள் எடுத்த படம். அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்கள் தெரிய மாட்டார்கள் என்று கடிதமும் வைத்திருந்தார். படம் இருக்கும்போது கடிதத்தை யார் படிப்பார்கள்?

சங்கம் கூடியது. படத்தில் கரை தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, கருவேல மரங்கள் தெரிந்தன. மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். சாளேசரக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

"நாம யாரையும் காணோமே," என்றார் பஞ்சவர்ணம்.

"நான் மடைக்குப் பக்கத்துலதான் நின்னேன். நல்லா ஞாபகம் இருக்கு," என்றார் இருளாண்டி.

"ஞாபகம் தப்பாப் போகலாம்ணே. செயற்கைக்கோள் பொய் சொல்லாது," என்றார் வில்லாயுதம். "கண்மாய்க்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் அன்னைக்கு ஊர்ல ஒருத்தருமே வரல."

இருளாண்டிக்கு வந்த கோபம் நியாயமான கோபம். காதுகுத்துக்குப் போன ரெண்டு பேரைத் தவிர, வராதவர்கள் அத்தனை பேருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், தலைவர் உட்பட யாருக்கும் சலுகை கூடாது என்று தீர்மானம் போட்டார். நூற்று எழுபத்திரண்டு நோட்டீஸிலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் நோட்டீஸை வாங்கிக்கொண்டு, இனி இப்படி நடக்காது என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நோட்டீஸ்தான் திரும்பி வந்தது. அது தலைவருக்குப் போனது. அதன் பின்பக்கத்தில், "ஆள் வீட்டில் இல்லை" என்று இருளாண்டி தன் கைப்பட எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.