காற்றில்லாத மதியம்

மணல்துறையில் காற்றாலை மின்சாரத்தில் படகு ஓட்டி, அக்கரைக்கு ஆளேற்றி வந்தாள் செபத்தியம்மா. டீசல் படகு வைத்திருந்த படகோட்டிகள் சங்கத் தலைவர் கஸ்பாருக்கு அது கண்ணை உறுத்தியது. இலைகூட அசையாத ஒரு மதியம், ஊர்க் கமிட்டியாரோடு அவள் படகில் ஏறி உட்கார்ந்தார்.

“காத்தாடி சும்மா நிக்கி. இப்ப ஓட்டிக் காட்டு. ஓடலைன்னா ஆளேத்துற உரிமை எனக்கு!”

படகு சத்தமில்லாமல் கிளம்பியது.

“ஏட்டி, டீசலை எங்க ஒளிச்சு வச்சிருக்க?” என்று கத்தினார் கஸ்பார்.

“அண்ணாச்சி, காலையில என்ன சாப்பிட்டீய?”

“ஆப்பமும் மீன்குழம்பும். அதுக்கென்ன இப்ப?”

“இப்ப வாயில ஒண்ணுமில்ல. ஆனாலும் இம்புட்டுச் சத்தம் வருதே! என் பேட்டரியும் ராத்திரிக் காத்துல வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கு.”

கமிட்டியாரின் சிரிப்பு அடங்குமுன் அக்கரை வந்துவிட்டது. உரிமை அவளுக்கே என்று சொல்லிக்கொண்டே அவர்கள் இறங்கினார்கள். கஸ்பார் மட்டும் இறங்கவில்லை. வீடு திரும்ப அவருக்கும் அந்தப் படகுதான்.