ஸ்பேட் ராஜாவும் ஹார்ட்டின் ராஜாவும்

சீட்டாட்டத்துக்கு ஒரு குருவா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கோயம்புத்தூரில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் திருமூர்த்தி. வயது முப்பதுகூட ஆகவில்லை. கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது போக்கர் பழகியவர். காசு வைத்து ஆட வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுவார். அவர் வீட்டில் எல்லாமே புளியங்கொட்டைதான்.

அவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் கேட்ட மயிலாத்தாளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசல் பட்டறைக்காரி. அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து லேத்தில் நின்று இரும்பைக் கடைந்தவள் அவள்தான். வெளியே அலைந்து வேலை பிடித்து வந்தது அண்ணன் நாச்சிமுத்து. அப்பா கண்ணை மூடினார். பட்டறை யாருக்கு என்று சண்டை வந்தது.

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்கக் கூடாது. நீ வீட்டுல இரு அம்மிணி," என்றார் அண்ணன்.

"வீட்டுல இருக்கிறதுக்கா இத்தனை வருசம் கடைசல் பிடிச்சேன்?"

சொந்தக்காரர்கள் பேசிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் மசியவில்லை. வெறுத்துப்போய் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "சீட்டாடிப் பாத்துடலாம். தோத்தவங்க பட்டறைப் படி மிதிக்கக் கூடாது." மூணு சீட்டில் அவர் கெட்டிக்காரர்.

"சரிங்ணா. ஆனா மூணு சீட்டு வேண்டாம். போக்கர்."

"எதுவா இருந்தா என்ன? உன்ற குருவே சீட்டுப் போடட்டும். எனக்கென்ன பயமா?"

இப்படித்தான் ஒரு காலை நேரத்தில் குருவின் பாயில் பட்டறைச் சாவி வந்து விழுந்தது. குரு இருவருக்கும் சரிசமமாகக் கொட்டைகளைப் பிரித்துக் கொடுத்தார்.

"அக்கா, எந்தக் கை எதை ஜெயிக்கும்னு அண்ணனுக்குச் சொல்லுங்க."

மயிலாத்தாள் மூச்சு விடாமல் சொன்னாள்.

"ஒண்ணுமே சேரலைன்னா இருக்கிறதுல பெரிய சீட்டு. அதை ஜெயிக்கிறது ஒரு ஜோடி. அதுக்கு மேல ரெண்டு ஜோடி. அப்புறம் ஒரே மாதிரி மூணு. அதுக்கு மேல, அஞ்சும் வரிசையா வர்றது. வரிசையை ஜெயிக்கிறது கலர், அஞ்சும் ஒரே சின்னம்."

"இரு, இரு," என்றார் நாச்சிமுத்து. "மூணு சீட்டுல வரிசைதானே கலரை அடிக்கும்?"

"இது அஞ்சு சீட்டுங்ணா," என்றார் குரு.

"கலருக்கு மேல மூணும் ஒரு ஜோடியும். அதுக்கு மேல ஒரே மாதிரி நாலு. எல்லாத்துக்கும் மேல ஒரே சின்னத்துல வரிசை. அதுவே பத்துல ஆரம்பிச்சு ஆஸ்ல முடிஞ்சா அடிக்க ஆளே இல்லை."

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஐந்து சீட்டு. பார்த்துவிட்டுக் கொட்டை வைக்கலாம், ஏற்றலாம், பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பேக் ஆகலாம். வேண்டாத சீட்டை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மறுபடி கொட்டை வைக்க வேண்டும். கடைசியில் விரிக்க வேண்டும்.

நாச்சிமுத்து மூணு சீட்டு ஆடுவதுபோலவே ஆடினார். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கொட்டையை அள்ளி வைத்தார். மயிலாத்தாள் பேக் ஆனாள். மறுபடியும் பேக் ஆனாள். அவள் குவியல் கரைந்தது.

"எத்தனை தடவைதான் ஓடுவே?"

"ஓடலைங்ணா. நிக்கிறதுக்கு இடம் பாக்கிறேன்."

அடுத்த கையில் நின்றாள். அண்ணன் விரித்தார், ஒரு ஜோடி. அவளிடம் இரண்டு ஜோடி. குவியல்கள் சமமாயின. நாச்சிமுத்துவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"போதும். இந்தக் கையோட முடிவு. இருக்கிற கொட்டை மொத்தமும் உள்ள. சம்மதமா?"

"முதல்ல சீட்டைப் பாக்கிறேனுங்ணா."

குரு சீட்டுப் போட்டார். மயிலாத்தாளுக்கு ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி. கூட உதவாத ஒரு மூன்று. மூன்றைக் கொடுத்தாள். வந்தது ஹார்ட்டின் ராஜா. சின்னம் கலந்ததுதான், ஆனாலும் வரிசை சேர்ந்துவிட்டது.

நாச்சிமுத்து ஒரு சீட்டுகூட மாற்றவில்லை. "எனக்கு வேண்டாம் தம்பி," என்றார். சிரித்தார். தன் குவியல் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

அவள் தன் கொட்டைகள்மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். மாற்றாதவன் கையில் வரிசை இருக்கலாம், கலர் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தோற்றால் லேத்தின் சத்தத்தைக்கூடத் தெருவில் நின்றுதான் கேட்க வேண்டும். குருவைப் பார்த்தாள். குரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதமுங்ணா. இந்தக் கையோட முடிவு," என்றாள். எல்லாவற்றையும் தள்ளினாள்.

அண்ணன் விரித்தார், அதுவும் சின்னம் கலந்த வரிசை. ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா.

தங்கை விரித்தாள். ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா.

இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு நாச்சிமுத்து தொடையில் தட்டினார்.

"என்ற ராஜா ஸ்பேடு! உன்றது ஹார்ட்டின். நாங்க ஆடற செட்டுல எப்பவுமே ஸ்பேடுதான் பெருசு. எடு சாவியை!"

அவர் சொன்ன வேகத்தில் மயிலாத்தாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "குருவே, எது பெருசுங்க?"

குரு கையை நீட்டினார். நடுவில் கிடந்த கொட்டைகளைக் கூட்டினார். இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அண்ணன் பக்கம் தள்ளினார். மறு பாதியைத் தங்கை பக்கம் தள்ளினார். சாவியைத் தொடவில்லை.

"என்ன தம்பி இது? மறுபடி போடுங்க!"

"இந்தக் கையோட முடிவுன்னு சொன்னது நீங்கதானுங்ணா," என்றாள் மயிலாத்தாள். இப்போது அவளுக்குச் சந்தேகம் இல்லை. "சரிபாதின்னு ஆயிடுச்சு. நான் லேத்துல நிப்பேன். நீங்க வேலை பிடிச்சுட்டு வாங்க. யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்."

"சாவி ஒண்ணுதானே இருக்குது?"

"இத்தனை இரும்பு கடைஞ்சவளுக்கு ஒரு சாவி அராவறது பெரிய வேலையா? சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு பண்ணிடறேன்." சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நாச்சிமுத்து ஸ்பேட் ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏந்தம்பி," என்றார் குருவிடம். "ஸ்பேடுக்குத்தான் மதிப்பில்லை, போகுது. மூத்தவன்ங்கிற மரியாதைகூடவா உங்க ஆட்டத்துல கிடையாது?"

குரு அவர் கையிலிருந்த சீட்டைப் பணிவாக வாங்கிக் கட்டோடு சேர்த்தார்.

"அதெப்படி இல்லாமப் போகுமுங்ணா? ஒவ்வொரு தடவையும் மொதச் சீட்டு உங்களுக்குத்தானே போட்டேன்."