கரிச்சானுக்குக் கிடைக்காத வீட்டுப் பேச்சு

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. தீவுகளில் பேச்சுமொழிகளைப் பதிவு செய்யப் போன ஜெனிட்டா கேட்டுவந்து சொன்னாள். நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்.

அந்தக் காலத்தில், பறவைகள் ஒன்றோடொன்று பேசிப் பழகிய நாளில், ஒரு தீவின் கானாங்கோழிகள் எல்லாம் மைனாப் பேச்சுக்கு மாறிவிட்டன. பழைய பேச்சு ஒருத்தியிடம்தான் மிஞ்சியது. அவள் ஒற்றை முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சு அழிந்துவிடுமோ என்று, எந்தப் பறவையின் குரலையும் கற்றுச் சொல்லும் கரிச்சான் குருவிக்குப் பயம். தினமும் அவள் புதருக்குப் போய் உட்கார்ந்தான்.

"செத்த பேச்சைக் கத்துக்கிட்டு யார்கிட்டடா பேசப் போறே?" என்று மைனாக்கள் சிரித்தன.

"நான் இல்லாமப் போனா இதைக் கூப்பிட ஆள் வேணும் தம்பி. முட்டைக்குள்ள இருந்தே என் பேச்சைத்தான் கேக்குது" என்றாள் அவள்.

பாம்பு வந்தால், பருந்து வந்தால், உடும்பு வந்தால் எப்படிக் கத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். கரிச்சான் அச்சுப்பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

"சாப்பிடக் கூப்பிடறது எப்படி அக்கா?"

"அது வீட்டுப் பேச்சு. வெளியாள் காதுல விழக்கூடாது. குஞ்சு பொரியட்டும், நீயும் வீட்டாள் ஆயிடுவே. அப்பச் சொல்றேன்."

வற்புறுத்துவது மரியாதையில்லை என்று கரிச்சான் அதோடு விட்டுவிட்டான்.

பொரிவதற்கு முந்தின நாள் உடும்பு அவளைக் கொண்டுபோனது.

முட்டை பிழைத்தது. குஞ்சு வெளியே வந்து தள்ளாடி நின்றது. கரிச்சான் புழுவை முன்னால் வைத்து, மைனாப் பேச்சில் கூப்பிட்டுப் பார்த்தான். அது புரியாமல் விழித்தது. சட்டென்று, தான் கற்றதையெல்லாம் அவள் குரலிலேயே சொன்னான்.

குஞ்சு வெலவெலத்துப் புதருக்குள் பாய்ந்தது.

"உச்சரிப்பு சரிதானே? ஏன் ஓடுது?" கரிச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போய் மறுபடியும் சொன்னான். அது இன்னும் தூரம் ஓடியது. அதற்குப் பிறகுதான், தன்னிடம் இருப்பதெல்லாம் அபாயச் சொற்கள் என்பது உறைத்தது. புழுவை அங்கேயே போட்டுவிட்டு எட்டத்துக் கிளைக்குப் போனான். குஞ்சு தானே வந்து தின்றது. உடும்பு தலைகாட்டியபோது அவள் குரலில் கத்தினான், குஞ்சு தப்பித்தது. ஒருநாளும் அவனருகே வரவில்லை.

அன்று முதல்தான் கரிச்சான் எட்ட இருந்தே மற்றப் பறவைகளுக்குக் காவல் இருக்கிறதாம்.

இது நிஜமா என்று பிறகு தேடிப் பார்த்தேன். துடுப்புவால் கரிச்சான், ஆபத்து நேரத்தில் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலில் கத்துவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.