ஒரு நாள் தூரம்

கடல் எட்டிக்கூடப் பார்க்காத சின்ன நாடு அது. திரும்பின பக்கமெல்லாம் மலை. அங்கே போய், பக்கத்து ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். மைல் கணக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இத்தனை ஏற்றம், இத்தனை இறக்கம் என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த நாட்டில் எதிரெதிரே இரண்டு மலைச்சரிவுகள். நடுவே பள்ளத்தில் ஆறு. இந்தச் சரிவில் நின்று கத்தினால் அந்தச் சரிவில் கேட்கும். நடந்தாலோ, விடிந்து கிளம்பினவன் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் உழவு மாடு இரவல் கேட்பது, கல்யாணத்துக்கு நாள் குறிப்பது எல்லாமே கத்தல்தான். சாவுச் செய்தியை மட்டும் கத்தக் கூடாது. ஒருவர் நடந்து போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்துக் கோயிலில் பேமா என்றொரு பெண் துறவி இருந்தார். அவருடைய சீடர் நம்கே, வயதில் அவரைவிட மூத்தவர், கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்தவர். ஒரு நாள் காலையில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அம்மா, அந்தச் சரிவுல இருக்கற எங்க அண்ணன் வீட்டைக் காலி பண்றார். நாளன்னைக்கு மகள் ஊருக்குப் போயிடுவாராம். அவரோட அக்கம்பக்கத்துக்காரங்க கத்திச் சொன்னாங்க. அப்புறம் நான் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேக்காது."

"அதுக்கு?"

"ஏழு வருஷமா மன்னிப்புக் கேக்கறேன். ஒரு வார்த்தை திரும்பி வரல. இன்னும் எத்தனை தடவைதான் கேக்கறது?"

எதற்கு மன்னிப்பு என்று பேமாவுக்குத் தெரியும். நம்கேயின் தாய் இறந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து பிரார்த்தனை படித்தவரே அவர்தான். அன்றைக்கு நம்கே நடக்கவில்லை. வாசலில் நின்று, "அண்ணே, அம்மா போயிட்டாங்க" என்று கத்திவிட்டார். அண்ணன் அப்போது ஊரார் நடுவே உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். வயலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். தாங்கிப் பிடிக்கத் தம்பி பக்கத்தில் இல்லை.

"எப்படிக் கேட்டீங்க?" என்றார் பேமா.

நம்கே சரிவின் ஓரத்துக்குப் போனார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."

எதிரே ஒரு சின்ன உருவம் நிமிர்ந்து பார்த்தது. பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து மூட்டை கட்டத் தொடங்கியது.

நம்கேயின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? கல்நெஞ்சு அவருக்கு."

பேமா உள்ளே போனார். கொஞ்சம் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார். கதவோரம் சாத்தியிருந்த கைத்தடியையும் சேர்த்து நீட்டினார்.

நம்கே கீழே பார்த்தார். ஆற்றின் மேல் மரப்பாலம் தீக்குச்சி மாதிரி தெரிந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இறங்கி ஏற முழுசா ஒரு நாள் ஆகுமே, அம்மா."

"உங்க அம்மா போன அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."