கொம்பையாவின் மீசையும் மூன்று பதிலாட்களும்

சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் அது ஒரு மீசைக்குள் இருக்கிறது, மீசையோ கடைசியில்தான் வரும். அதுவரை யாரும் பல்லைக் காட்டக் கூடாது. முதலில் மீசைக்காரரைப் பார்த்துவிடலாம்.

ஆத்தங்கரைப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கொம்பையா அண்ணாச்சிக்குக் கடைக்குள் இருக்கிற குத்துவிளக்கைவிட மூக்குக்குக் கீழே இருப்பதுதான் பெருமை. ஒரு காதுகுத்து வீட்டில் பந்தி நடக்கும்போது, மச்சினன் மந்திரமூர்த்தி சும்மா இருக்காமல், "தூத்துக்குடிக் கடல்ல நீந்தி, அப்படியே சைக்கிள் மிதிச்சு, அப்படியே ஓடணுமாம். பெரிய பந்தயமாம் அத்தான். ஆம்பளைங்க போறதாம்," என்றான்.

"நான் முடிச்சுக் காட்டுதேன். முடிக்கலேன்னா அந்தக் கடற்கரையிலயே மீசையை எடுக்கேன்," என்றார் கொம்பையா. பாயசம் ஊற்ற வந்தவர்கூடச் சாட்சி.

சிரிக்காதீர்கள். இன்னும் வரவில்லை.

நாகர்கோவிலில் இருந்து ஒரு பயிற்சியாளர் போனில் சொன்னார்: "மூணையும் ஒரே நாள்ல போட்டு உடம்பை வதைக்காதீங்க. பிரிச்சுச் செய்யுங்க. ஒண்ணை இன்னொண்ணு விழுங்கிடக் கூடாது, எல்லாம் சமமா இருக்கணும். ஓய்வும் ஒரு பயிற்சிதான்."

கடையில் வேலை பார்க்கும் மூன்று மேதைகளையும் கொம்பையா கூட்டினார். இசக்கியப்பன், பரமதாஸ், ஐகோர்ட்துரை. மூன்று பேர் மூளையையும் கரண்டியில் அள்ளினால் கரண்டி காலியாகத்தான் வரும்.

"பிரிச்சுச் செய்யணும்னா எப்படிப் பிரிக்கது?" என்றார் கொம்பையா.

அந்த நேரம் பார்த்து மிக்சர் பொட்டலத்தோடு வந்த மந்திரமூர்த்தி ரொம்ப அக்கறையாகக் கேட்டான். "அத்தான், சின்னப் பிள்ளையில உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ யாரு மொட்டை போட்டா?"

"எங்க மாமா."

"காய்ச்சல் யாருக்குப் போச்சு?"

"எனக்கு."

"அவ்வளவுதான்," என்று ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஐகோர்ட்துரை எழுந்து நின்றான். "அண்ணாச்சி, நேர்த்திக்கடனே ஆள் மாறிச் செய்யலாம்னா, பயிற்சி என்ன சாமியைவிடப் பெரிசா?"

மறுப்பார் யாரும் இல்லை. இசக்கியப்பனுக்கு நீச்சல், பரமதாஸுக்குச் சைக்கிள், ஐகோர்ட்துரைக்கு ஓட்டம் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஓய்வு, நாலில் அதுதான் ரொம்பக் கடினம் என்பதால், கொம்பையாவுக்கு.

மனிதர் அதில் அசுர முன்னேற்றம் கண்டார். காலையில் ஓய்வு, சாயங்காலம் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஒரு ஓய்வு. "இன்னிக்கு ஐகோர்ட்துரை ஓடுனது எனக்குக் கெண்டைக்காலுல பிடிச்சு இழுக்குடே," என்று கட்டிலில் புரண்டார். பயிற்சி முடிந்ததும் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். பயிற்சி யாருக்காக நடக்கிறதோ அவருக்குத்தானே பசி? மூன்று பேருக்கான முட்டையையும் அவரே தின்றார். அவர்கள் ஒட்டடைக்குச்சி ஆனார்கள். அவர் அண்டா ஆனார்.

ஒருநாள் ஆற்றில் நீந்திய இசக்கியப்பன் தண்ணீரைக் குடித்துக் கரையில் வாந்தி எடுத்தான். பரமதாஸ் முகம் வாடிவிட்டது.

"நீச்சலுக்கு மட்டும் வாந்தி வந்தா எப்படி? சமமா இருக்கணும்லா?"

"சைக்கிளுக்கும் வரணும், ஓட்டத்துக்கும் வரணும். அதான் நியாயம்," என்றான் ஐகோர்ட்துரை.

இரண்டு பேரும் இறங்கி, வயிறு முட்டக் குடித்து, வரிசையாக வாந்தி எடுத்தார்கள். ஓய்வும் ஒரு பயிற்சி என்பதால் கொம்பையா ஒரு இளநீர் குடித்துக் கணக்கைச் சரிசெய்தார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மந்திரமூர்த்தி மறுபடி வந்தான். "அத்தான், நீந்துறவன் மூஞ்சியில முடி இருந்தா தண்ணி பிடிச்சு இழுக்குமாம்."

கொம்பையா இரண்டு கையாலும் மீசையைப் பொத்தினார்.

"உங்களைச் சொல்லல. நீந்துறது இசக்கிதான?"

இசக்கியப்பன் மீசை போனது. சமம் வேண்டுமே, பரமதாஸ் மீசையும் ஐகோர்ட்துரை மீசையும் கூடவே போயின.

பொறுங்கள். இதோ வருகிறது.

தூத்துக்குடிக் கடற்கரை. கொம்பையாவின் கையில் எண் எழுதியிருந்தது. விசில் ஊதினார்கள். கூட்டம் மொத்தமும் கடலில் பாய்ந்தது. கொம்பையா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலையைப் பார்த்தபடி நின்றார்.

"சார், நீங்க போகலையா?" என்றார் விசில்காரர்.

"என் பங்கை என் ஆளு நீந்திட்டான்."

"எப்போ சார்?"

"மூணு மாசமா."

அவரவர் பந்தயத்தை அவரவர்தான் நீந்த வேண்டும் என்று விசில்காரர் விளக்கியபின் கொம்பையா வேட்டியைத் தூக்குகிற பழக்கத்தில் அரைக்கால் சட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு சின்ன அலை அவரைக் குப்புறத் தள்ளியது. இரண்டு பேர் இழுத்து வந்து மணலில் போட்டார்கள். பந்தயம் முடிந்தது.

மந்திரமூர்த்தி தயாராக இருந்தான். மடக்கு நாற்காலி, சவரப் பெட்டியோடு பேட்டை முடிதிருத்துநர் மாடசாமி, புது மிக்சர் பொட்டலம்.

கொம்பையா பதறவில்லை. "மாப்ள, இதுக்கும் ஆளு இருக்குடே. ஏல, எனக்காக எவனாவது ஒருத்தன் வந்து மீசையைக் குடுங்கல."

ஒருத்தன் என்ன, மூன்று பேரும் விசுவாசமாக ஓடிவந்து மூஞ்சியை நீட்டினார்கள். மாடசாமி கத்தியோடு ஒவ்வொரு மேலுதடாகப் பார்த்தார். மூன்றும் புளி போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி பளபளத்தன.

"முளைக்குற வரைக்கும் இவரை இருக்கச் சொல்லுவமா அண்ணாச்சி?" என்றான் இசக்கியப்பன்.

மாடசாமிக்கு ஊரில் வேலை கிடந்தது. கொம்பையாவை உட்காரவைத்துச் சோப்பு தடவி, இடது பக்கத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார்.

ஐகோர்ட்துரை குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினான். "வலதையும் எடுத்திரும். சமமா இருக்கணும்லா."

கொம்பையா மூன்று மொட்டை உதடுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மிக்சரில் முந்திரி தேடிக்கொண்டிருந்த மச்சினனைப் பார்த்தார். மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு மூளை முதன்முதலாக எழுந்து சோம்பல் முறித்தது.

"ஏல மாப்ள," என்றார் மெதுவாக. "மொட்டைக் கதையைக் கேட்டதும் நீதான். தண்ணி பிடிச்சு இழுக்கும்னு சொன்னதும் நீதானல?"

மிச்சமிருந்த பாதி மீசை, சோப்பு நுரையோடு, மெல்ல நிமிர்ந்தது.